எழுபது கிராம்

பூனைக்கு மீன் வேகவைக்கும்போது உப்பிடலாகாது. வெங்காயமும் பூண்டும் அறவே ஆகா. இதனைப் பலர் அறியார், இன்ஸ்பெக்டர் கோகுலன் அவர்களே. ஆகையால் என் வாக்குமூலத்தை இதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் முப்பத்தோராண்டுகள் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பித்தவன். ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் நானும் என் மனைவி ஆசியா பீவியும் வாழ்ந்தோம். பிள்ளைகள் இல்லை. ஓயென் என்றொரு செம்பூனை இருந்தது. கடையில் விற்கும் காய்ந்த தீனியைத் தவிர வேறெதுவும் அவள் அதற்குக் கொடுத்ததில்லை. நான் பன்முறை எச்சரித்தேன்.

"பைலயே எல்லாச் சத்தும் இருக்குன்னு போட்டிருக்குலா. இதத் தின்னு எந்த உசுரும் சாவாது. வாத்தியாருக்கு எதுலயும் சந்தேகம்," என்பாள்.

ஓயெனுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் என் மடியில் இறந்தது. மறுவாரமே அவள் மிமி என்னும் புதுக்குட்டியையும், அதே தீனியில் இரண்டு மூட்டைகளையும் வாங்கி வந்தாள். அம்மாதக் கடைசியில் அவளைப் பக்கவாதம் தாக்கிற்று. பேச்சும் வலப்பக்கமும் போயின. ஊட்டினால் விழுங்குவாள்.

சமையற்கட்டு என் பொறுப்பாயிற்று. மிமிக்குக் கெம்போங் மீன், கோழியின் ஈரல், இதயம், முட்டை மஞ்சட்கரு, சிறிது அவித்த பூசணி என்று முழு உணவாகவே கொடுத்தேன். இரண்டே மாதங்களில் அதன் உரோமம் பட்டுப்போல் ஆனது.

ஆசியாவின் முதுகில் படுக்கைப்புண் கண்டிருந்தது. மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வேலை செய்யும் அவள் தம்பி சுலைமான், ஞாயிறுதோறும் அவளுக்காக உயிருள்ள ஹருவான் மீன் கொண்டு வருவான். அது புண்ணை ஆற்றும் என்பது இவ்வூரார் நம்பிக்கை. நம்பிக்கை சரியே. மிமியின் காதிலிருந்த காயம் பத்து நாளில் ஆறிற்று.

"மிமியப் பாருங்க மச்சான், மினுமினுன்னு இருக்கு. அக்காதான் காஞ்சி போயிட்டாங்க," என்றான் ஒருமுறை.

நோயின் இயல்பு அது என்றேன்.

அப்போது ஆசியா இடக்கையை உயர்த்திப் பூனையின் தட்டைச் சுட்டினாள். சுலைமான் சிரித்தான்.

"படுத்த படுக்கையிலயும் பூன ஞாபகந்தான்லா அக்காவுக்கு."

மிமியைத் தூக்கி அவள் மார்பின்மேல் கிடத்தினான். மிமியின் மூச்சில் மீன் வாடை வீசிற்று. ஆசியா கண்களை மூடிக்கொண்டாள்.

மூட்டைகள் இரண்டும் எஞ்சியிருந்தன அல்லவா? உணவை வீணாக்கும் வழக்கம் எனக்கில்லை. அத்தீனியைப் பொடித்து, வெந்நீரில் ஊறவைத்து, கரண்டியால் அவளுக்கு ஊட்டினேன். முதல் வாரம் உதடுகளை இறுக மூடினாள். பின்னர்ப் பசி அவற்றைத் திறந்தது. வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்கு எழுபது கிராம் என்று மூட்டையில் அச்சிட்டிருந்தது. தராசில் நிறுத்தே கொடுத்தேன். நான்கு மாதங்களில் ஒரு கிராமேனும் குறைத்தேனல்லேன். இதனைத் தவறாமல் குறித்துக்கொள்க.

சென்ற வியாழக்கிழமை சுலைமான் சொல்லாமல் வந்தான். மிமி ஹருவான் தின்றுகொண்டிருந்தது. என் கையில் ஆசியாவின் கிண்ணம் இருந்தது. அவன் அதில் விரலைத் தோய்த்து முகர்ந்தான்.

"மச்சான், இது பூனத் தீனி."

"ஆம். எல்லாச் சத்தும் இருப்பதாகப் போட்டிருக்கிறது," என்றேன்.

அவன் ஆசியாவை இரு கைகளில் ஏந்திக்கொண்டு படியிறங்கினான். நோயுற்ற நாளில் அவளைத் தூக்க மூவர் வேண்டியிருந்தது. சனிக்கிழமை மருத்துவமனையில் இறந்தாள்.

கொலை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், கையொப்பமிடுகிறேன். ஆயினும் நான் அவளை ஒரு வேளையும் பட்டினி போட்டதில்லை. அவள் நம்பியதையே அவளுக்கு ஊட்டினேன்.

ஒரு வேண்டுகோள் உண்டு. மிமி வீட்டில் தனியாக இருக்கிறாள். யாரிடம் ஒப்படைத்தாலும் காய்ந்த தீனியை மட்டும் கொடுக்க வேண்டாமென்று சொல்லுங்கள். ஓர் உயிர் அதனைத் தின்று நெடுநாள் வாழாது. நான் நேரில் கண்டவன்.