கிழக்கிலிருந்து ஒரு தள்ளு

முத்துக்குமாரு: ...இல்லைக் குணம், எத்தினைதரம் கணக்குப் போட்டாலும் உந்தக் கொஞ்சக் கீறல் மட்டும் கிழக்காலைதான் தள்ளு வந்ததெண்டு சொல்லுது. கிணத்துக் கீறலெல்லாம் வடக்காலை எண்டுது.

குணலட்சுமி: அப்ப திரும்ப ஒருக்காப் போடுங்கோவன்.

முத்துக்குமாரு: திரும்பவோ? கல்குலேற்றருக்குப் பற்றரி இல்லை. பள்ளிக்கூடத்து மடக்கை அட்டவணையை வைச்சுக்கொண்டெல்லோ மாரடிக்கிறன்!

குணலட்சுமி: கணக்கு வாத்தியாரைக் கலியாணம் முடிச்சது பின்னை என்னத்துக்கு? ஆறுதலாப் போடுங்கோ. அவசரமில்லை.

முத்துக்குமாரு: ஓம்... அவசரமில்லைத்தான்.

யோசப்பின்: ரீச்சர்! மாஸ்ரர்! உள்ளுக்கு வரலாமோ, இல்லைப் புருசன் பெண்சாதிச் சண்டையோ?

குணலட்சுமி: வாங்கோ யோசப்பின் அக்கா. சண்டையில்லை, கல்லுக் கணக்கு.

யோசப்பின்: மயிலிட்டியிலை இருந்து ஓடி வந்து உங்கடை வளவிலை கொட்டில் போட்ட நாள் தொட்டுப் பாக்கிறன், இரண்டு பேருக்கும் இதே கதைதான். அப்பிடி என்னதான் கிடக்கு அதுக்குள்ளை?

முத்துக்குமாரு: சொல்லும் குணம். உம்முடை ஆராய்ச்சிதானே.

குணலட்சுமி: அக்கா, உந்தக் கிணத்துக் கல்லெல்லாம் ஒரு காலத்திலை நெரிபட்டது. நெரிபட்டு வெடிச்சு, வெடிச்ச கல்லு ஒண்டோடை ஒண்டு தேய்ஞ்சு கீறல் விழுந்திருக்கு. அதைப் பாத்து எந்தப் பக்கத்தாலை நெரிச்சதெண்டு கண்டுபிடிக்கலாம்.

யோசப்பின்: ஐயோ, ஆர் நெரிச்சது?

முத்துக்குமாரு: பயப்பிடாதையுங்கோ அக்கா, ஆமி இல்லை. பூமிதான். எத்தினையோ லட்சம் வருசத்துக்கு முன்னம்.

யோசப்பின்: ஒரு கீறலைப் பாத்தாப் போதாதோ? ரீச்சர் ஏன் புத்தூர், உரும்பிராய் எண்டு கிணறு கிணறா இறங்கித் திரிஞ்சவ?

குணலட்சுமி: காணாது. நல்லூர்த் தேருக்குச் சனம் இடிபடேக்கை ஒரு ஆள் விழுந்ததைப் பாத்து, எந்தப் பக்கத்தாலை தள்ளினதெண்டு சொல்லேலுமே? அவர் கால் தடக்கியும் விழுந்திருப்பார். கனபேர் எந்தப் பக்கம் சரிஞ்சவை எண்டு பாத்தாத்தான் சொல்லலாம். புள்ளிவிபரம் எண்டது அவ்வளவுதான்.

யோசப்பின்: மடுத் திருநாளிலையும் உந்த இடிதான், என்ரை ஒரு செருப்பு இன்னும் அங்கைதான் கிடக்கு! சரி, அதை விடுங்கோ. நான் வந்த விசயம்... கொழுந்தன் கனிசியஸ் சொல்லியனுப்பினவன். நாளைக்கு இரவு கிளாலிக் கடலாலை அக்கரைக்கு வள்ளம் விடுறானாம். ரீச்சருக்கு ஒரு இடம் வைக்கட்டோ எண்டு கேக்கிறான்.

குணலட்சுமி: கணக்கு முடியேல்லையே அக்கா...

யோசப்பின்: போனமுறையும் உதைத்தான் சொன்னீங்கள்.

முத்துக்குமாரு: இவவின்ரை பேராசிரியர் இந்த மாதம் மட்டுந்தான் பேராதனையிலை நிப்பார். பிறகு வெளிநாடு போயிடுவார். அதுக்குள்ளை கொண்டுபோய்க் குடுக்காட்டி நாலு வருச வேலையும் மண்.

யோசப்பின்: பின்னை என்ன ரீச்சர்? போட்டு வாங்கோவன்!

குணலட்சுமி: இவரைப் பிணை வைச்செல்லோ இயக்கப் பொடியள் எனக்கு வெளியாலை போகப் பாஸ் தந்தவங்கள். நான் வராட்டி இவரைப் பிடிப்பாங்கள்.

யோசப்பின்: வராமல் எங்கை போகப்போறீங்கள்?

குணலட்சுமி: அந்தக் கடலிலை நேவி சுட்டு எத்தினை சனம் போச்சுது? அதுகளும் வருவம் எண்டுதானே அக்கா ஏறினதுகள்...

யோசப்பின்: ...ஓம். மாதாவே. சரி, நான் பின்னேரம் வந்து கேக்கிறன். இரண்டு பேருமாக் கதைச்சு...

முத்துக்குமாரு: நில்லுங்கோ அக்கா. இடம் வைக்கச் சொல்லுங்கோ.

குணலட்சுமி: என்னப்பா! கணக்கு...

முத்துக்குமாரு: முடிஞ்சுது.

யோசப்பின்: அப்ப நான் சொல்லிவிடுறன். ரீச்சர், ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ. கனிசியஸ் கெட்டிக்காரன். அந்தோனியாருக்கு நான் நேத்தி வைக்கிறன்.

குணலட்சுமி: அவ போயிட்டா. இப்ப சொல்லுங்கோ. எப்பிடி முடிஞ்சுது? அப்ப கிழக்காலை வந்த தள்ளு?

முத்துக்குமாரு: அப்பிடி ஒண்டில்லை. இரும், குணம். உந்தக் கீறலெல்லாம் எங்கை அளந்தனீர்?

குணலட்சுமி: எங்கடை பங்கருக்குள்ளை... கல்லை வெட்டித்தானே அதைத் தோண்டினது.

முத்துக்குமாரு: மேலை என்ன அடுக்கிக் கிடக்கு?

குணலட்சுமி: மண் மூட்டை.

முத்துக்குமாரு: மூட்டையைத் தாங்கிறது?

குணலட்சுமி: ...தண்டவாளம்.

முத்துக்குமாரு: ஓம். ரெயில் நிண்டாப் பிறகு இணுவில் ஸ்ரேசனடியாலை எல்லாருமாக் காவிக்கொண்டு வந்த தண்டவாளம். நீர் திசை பாக்கிற கொம்பாஸ் முள்ளு அந்த இரும்புக்கு இழுபட்டுத் திரும்பிக் கிடந்திருக்கு. பங்கர்க் கீறலை விட்டிட்டுப் போட்டா எல்லாம் வடக்காலைதான். சோக்காப் பொருந்துது.

குணலட்சுமி: இதை எப்ப கண்டனீங்கள்?

முத்துக்குமாரு: ...தைப்பொங்கலுக்கு முதல்.

குணலட்சுமி: இப்ப பங்குனியப்பா!

முத்துக்குமாரு: தெரியும். சொன்னா நீர் அடுத்த வள்ளத்திலை ஏறியிருப்பீர். அதுதான் ஒவ்வொரு நாளும் தாளை விரிச்சு வைச்சுக்கொண்டு, பிழைக்குது, பிழைக்குது எண்டு நடிச்சன். ஷெல் விழேக்கைகூட நான் உப்பிடிப் பயந்ததில்லை. எனக்கு உம்மை விட்டா ஆர் இருக்கினம்? ஆனா இண்டைக்கு நீர் அக்காவுக்கு அந்தக் கீறலைப் பற்றிச் சொல்லேக்கை உம்முடை முகத்தைப் பாத்தன்... என்னாலை ஏலாமல் போச்சு. உம்முடை படிப்பைக் கெடுக்க நான் ஆர்? போட்டு வாரும். நல்லா ஏசிப்போட்டுப் போம்.

குணலட்சுமி: ஐயோ, என்னப்பா நீங்கள்...

முத்துக்குமாரு: ஏன் அழுறீர்? பிழை வாறதுதானே. பிளேன் சுத்தேக்கை பங்கருக்குள்ளை குந்தியிருந்து அளந்தனீர், தலைக்கு மேலை இரும்பு கிடக்கெண்டு ஆருக்கு ஞாபகம் வரும்?

குணலட்சுமி: பேராதனைப் பல்கலைக்கழகத்திலை முதல் நாளே சொல்லித் தாறது, இரும்புக்குக் கிட்டக் கொம்பாஸ் பிடிக்கப்படாதெண்டு. எனக்கோ ஞாபகம் வராது? நீங்கள் கணக்கை முடிச்சு என்னை வள்ளத்திலை ஏத்திப்போடுவீங்கள் எண்டு பயந்துதானேயப்பா அங்கை கொண்டுபோய்ப் பிடிச்சனான்.