பங்குக் கிணற்றின் தண்ணீர்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும், மண்ணின் மணம் கையிலும் மனத்திலும் மாறாத தியாகராசா அண்ணை அவர்களே! இணுவில் செம்மண்ணில் இன்றும் ஏர் தொடும் பெரியோர்களே! காலையில் வெங்காயத்துக்கு இறைத்துவிட்டு, மாலையில் களைப்போடு வந்திருக்கும் தாய்மார்களே! தோட்டத்தை விற்கலாமா, வேண்டாமா என்று மனத்துக்குள் மல்லுக்கட்டும் அன்பர்களே! எல்லோருக்கும் இந்த மார்க்கண்டு மாஸ்ரரின் தலைதாழ்ந்த வணக்கம்.

விளைநிலம் அழிவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நாலு நாளாக நல்ல சொற்களாய்த் தேடி எழுதி வந்தேன். வற்றாத ஆறு எங்களுக்கு உண்டா? இல்லை. வான்மழை தேக்கும் மலை உண்டா? அதுவும் இல்லை. மாரி மழை மண்ணில் இறங்கி, அடியிலுள்ள சுண்ணக்கல்லில் தங்கி, கோடையில் கிணற்றில் வந்து நிற்கிறது. அந்த மண்ணைச் சீமெந்தால் மூடினால் மழை எங்கே போகும்? வீதிக்குப் போகும், வீட்டுக்குள் போகும், கடலுக்குப் போகும். கிணற்றுக்கு மட்டும் போகாது!

பொறுங்கோ, கை தட்டாதேயுங்கோ. பின்வரிசையில் செந்தூரன் ஏதோ சொல்கிறான். சத்தமாய்ச் சொல்லு தம்பி. "மாஸ்ரர், நீங்களும் வித்தனீங்கள்தானே" என்கிறானா? ஓம், வித்தனான். சிரிக்காதேயுங்கோ, அவன் கேட்டது சரி. எழுதி வந்த தாளை மடித்து வைக்கிறேன்.

ஆறு ஆண்டுக்கு முன் எட்டுப் பரப்புத் தோட்டத்தை வீட்டுக் காணிகளாகப் பிரித்து விற்றேன். ஆனால் பங்குக் கிணற்றில் என் பங்கை விடவில்லை. காணி உறுதிப் பத்திரத்தில் அதற்கென ஒரு வரி எழுதுவித்தேன். என்ன கெட்டித்தனம் பாருங்கள்! நிலம் போனாலும் நீர் என்னுடையது என்று, பத்திரம் எழுதிய நொத்தாரிசின் வாசற்படியால் நெஞ்சை நிமிர்த்தி இறங்கி வந்தேன்.

ஐந்து வீடு எழும்பியது. ஐந்து முற்றத்துக்கும் கல் பதித்தார்கள். ஐந்து மலகூடக் குழி வெட்டினார்கள். அவர்களில் பிழையில்லை, வீடு கட்டத்தான் காணி வாங்கினார்கள். இப்போது மாரியில் ஒழுங்கையில் முழங்கால் வெள்ளம். பங்குனியில் மோட்டர் காற்றை இழுக்கிறது. தண்ணீரைச் சோதித்தவர்கள், குடிக்க உதவாது என்றார்கள்.

மற்றப் பங்கு சிவக்கொழுந்து அக்காவுடையது. அதோ, தூணடியில் இருக்கிறா. ஒரு பிடி மண்ணும் விற்காதவ. போன வெள்ளி தண்ணி இறைக்க அவவின் முறை. பாதித் தோட்டம் நனையுமுன் கிணற்றின் அடி தெரிந்தது. அவ சண்டை பிடிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டா.

"மாஸ்ரர், நீங்கள் உங்கடை நிலத்தைத்தான் வித்தனீங்கள். என்ரை பங்குத் தண்ணியை ஆர் வித்தது?"

முப்பது ஆண்டு பிள்ளைகளைக் கேள்வி கேட்டவன் நான். அன்று அவவின் கேள்வியைச் சுமந்துகொண்டு வெட்கத்தோடு வீடு வந்தேன். உறுதியில் பங்கு எழுதலாம். மழைக்கு மண்ணுக்குள் வழி எழுத எந்த நொத்தாரிசால் முடியும்?

கிணற்றை ஒட்டி இன்னும் நாலு பரப்பு என்னிடம் மிச்சம். வருகிற வியாழன் கையெழுத்து வைக்க ஒத்துக்கொண்டிருந்தேன். வாங்க இருந்தவரும் இச்சபையில் இருக்கிறார். தம்பி, கோவிக்காதேயும்; நான் வரமாட்டன். அந்த நாலு பரப்பும் மண்ணாகவே கிடந்து மழையைக் குடிக்கட்டும். கிணறு நாளைக்கே தெளியாது, தெரியும். இதற்கு மேலும் கெடாமல் இருக்கட்டும். விற்க நினைப்பவர்களே, வேலிக்கு அப்பாலும் ஒருவர் இறைக்கிறார் என்பதை ஒருமுறை நினையுங்கள்.

பொறுமையாய்க் கேட்ட சபைக்கு நன்றி. குறுக்கே கேட்ட செந்தூரனுக்கு இன்னும் பெரிய நன்றி. அமருமுன் ஒரு மறுமொழி மிச்சம் இருக்கிறது.

சிவக்கொழுந்து அக்கா, உங்கடை தண்ணியை வித்தது நான்தான். வணக்கம்.