தாழ்ப்பாள் கதையும் தறிக்கொட்டகைப் பென்சிலும்

தணிகை மாதர் வாசகர் மன்றத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னையே முறைத்துக்கொண்டிருக்கும், முன்னாள் தலைமையாசிரியை ஞானம்மாள் அம்மையார் அவர்களே! முப்பத்திரண்டு வாரம் எங்கள் மனத்தை மத்துப் போட்டுக் கடைந்துவிட்டு, இன்று மாலையும் சந்தனமுமாக மேடையில் மலர்ந்து வீற்றிருக்கும் எழுத்தாளர் நித்தியகலா அவர்களே! திருவாலங்காட்டிலிருந்தும் ஆர்.கே.பேட்டையிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, இடுப்பிலே பிள்ளையும் மடியிலே பையுமாக இடம் பிடித்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மனைவியை அழைத்துப் போகத்தான் வந்தோம் என்று சொல்லிக்கொண்டு, தூண் மறைவிலே நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஆண்மக்களே! அனைவருக்கும், பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் கோதண்டபாணியின் மனைவி வள்ளிநாயகியின் வணக்கம்.

என்னை வாழ்த்துரை வழங்கச் சொல்லி அழைப்பிதழிலே அச்சடித்திருக்கிறார்கள். அச்சடித்தவர்கள் என்னைக் கேட்கவில்லை. வாழ்த்துவேனா, வைவேனா என்று இந்த நிமிஷம் வரைக்கும் எனக்கே தெரியாது.

முருகனுக்குச் சினம் தணிந்த மலை என்று இந்த மலையைச் சொல்லுகிறோம். அவனுக்குத் தணிந்தது. அடிவாரத்திலே நிற்கிற எனக்குத் தணிந்ததா? தணியவில்லை! ஏன் தணியவில்லை? எனக்கு இந்த அம்மாள் மேலே சந்தேகம், தாய்மார்களே, தீராத சந்தேகம்!

இவர் எழுதிய தொடர்கதை, ‘தாழ்ப்பாள் இல்லாத அறை’. படித்தீர்களா, இல்லையா? படித்தோம் என்று தலையாட்டுகிறீர்கள். அந்தக் கதையிலே ஒரு தாய் வருகிறாள். மகள் பள்ளிக்கூடம் போனதும் அவள் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்ப்பாள். புத்தகத்தை முகர்ந்து பார்ப்பாள். கொண்டை ஊசியை எண்ணி வைப்பாள். வீட்டுச் சாவியெல்லாம் கொத்தாக இடுப்பிலே தொங்கும். யார் அவள்? நான்! அப்படியே நான்! எங்கள் வீட்டு வாசலை மிதித்தறியாத இவருக்கு என் இடுப்புச் சாவி எப்படித் தெரிந்தது? யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று தெருவிலே ஒவ்வொருத்தி முகத்தையும் உற்று உற்றுப் பார்த்தேன். ஒரு மாதம் பார்த்தேன்.

என்ன சிரிப்பு? மூன்றாவது வரிசை, பச்சைச் சேலை அம்மா, என்ன சிரிப்பு? ஓகோ, அது நீங்கள் என்று நினைத்தீர்களா! பக்கத்திலே இருப்பவரும் அப்படியேதான் நினைத்தாராம்! சரி, சரி, அந்தச் சந்தேகம் அதோடு போகட்டும். வேறு சந்தேகம் வைத்திருக்கிறேன்.

எங்கள் தெருவிலே ஆறு வீட்டுக்கு ஒரு பத்திரிகை. வெள்ளிக்கிழமை வந்ததும் முதலில் நான் படிப்பேன். பிறகு வீட்டுக்கு ஒரு நாள். கடைசியாகத் தெருக்கோடியிலே லோயிஸ் டீச்சர் வீடு. அங்கிருந்து திரும்பி வந்ததும் தொடர்கதைத் தாளை மட்டும் பிய்த்து எங்கள் தறிக்கொட்டகைப் பரணிலே போட்டு வைப்போம். கதை முடிந்ததும் அட்டை போட்டுப் பைண்டிங் செய்வோம். நீங்களும் அப்படித்தானே? இந்த ஜில்லாவிலே எந்த வீட்டுப் பரணிலே இல்லை, சொல்லுங்கள்!

போன மாதம் கதை முடிந்தது. தாளையெல்லாம் இறக்கி வரிசை சேர்த்தேன். பார்த்தேன்.

வரிக்கு அடியிலே கோடு! சிவப்பிலே ஒரு கோடு, அதற்குப் பதில் போல நீலத்திலே ஒரு கோடு! ‘உனக்கு என்னதான் வேண்டும்?’ என்ற வரிக்குச் சிவப்புக் கோடு. ‘கேட்டால் சொல்வேன்’ என்ற வரிக்கு நீலக் கோடு. ‘உன் அம்மாவுக்குத் தெரிந்தால்?’ சிவப்பு. ‘அவளுக்குச் சந்தேகம்தானே சாப்பாடு’ நீலம்!

தாய்மார்களே, நீலக் கோடு யாருடையது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. எங்கள் வீட்டிலே அப்பளத்தைக்கூட ஸ்கேல் வைத்து உடைக்கிறவள் ஒருத்தி உண்டு, என் மகள் மனோரமா. பி.யு.சி. முடித்தவள். வேலூர்க் கல்லூரி ஒன்றிலே வேதியியல் படிக்க இடம் கிடைத்தவள். ஏன் வேதியியல்? எங்கள் தறியிலே நெய்கிற லுங்கிச் சாயம் ஏன் போகிறது என்று கண்டுபிடிக்கணுமாம்.

அப்படியானால் சிவப்பு யார்? உங்களுக்கு வந்த புத்தி எனக்கும் வந்தது. பத்திரிகை கடைசியாக இருந்த வீடு எது? லோயிஸ் டீச்சர் வீடு. சிவப்பும் நீலமும் உள்ள பென்சில் யாரிடம் இருக்கும்? பரீட்சைத் தாள் திருத்துகிற டீச்சரிடம் இருக்கும். அந்த வீட்டிலே யார் இருக்கிறார்? டீச்சரின் தம்பி, யோபு. பாலிடெக்னிக் படிக்கிற பையன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலே அவர் பாடினால் எங்கள் தெருவே கேட்கும். அதோடு அந்தச் சிவப்புக் கோடு நேராக இல்லை, நடுங்கி நடுங்கிப் போகிறது. காதல் நடுக்கம் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்!

விசாரித்தேனா? இல்லை. மகளை உட்கார வைத்துக் கேட்டேனா? கேட்கவே இல்லை. தெருவிலே நின்று கத்தினேன். “ஏன் டீச்சர், ஊர்ப் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்துகினு, வீட்டுல தம்பிக்கு இதான் சொல்லிக் குடுத்தீங்களா?” என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், அவர்கள் வேதத்தையும் இழுத்தேன். அந்த அம்மா கையிலே முறத்தோடு வெளியே வந்தது. “நீங்க சொல்றது எனக்குப் புரியவே இல்லைங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது. புரியாதது போல நடிக்கிறது என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

மகளின் சர்ட்டிபிகேட்டு, கல்லூரிக் கடிதம், கோடு போட்ட தாள், எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியிலே போட்டுப் பூட்டினேன். சாவியை இங்கே செருகினேன், இதோ, இந்த இடுப்பிலே! நகரியிலே இருக்கிற என் அண்ணனுக்கு ஆள் அனுப்பினேன். அவர் மகன் வேணு, மனோரமாவுக்குப் பாவா, கட்டிக்கொள்கிற முறை. நாளை ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் என்று முடிவு கட்டினேன். நாளை மறுநாள் திங்கட்கிழமை, கல்லூரியிலே சேரக் கடைசி நாள். தெரிந்தேதான் அந்தத் தேதி வைத்தேன். அன்று முதல் என் மகள் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. முப்பத்தொரு நாள் ஆகிறது, எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த மேடைக்கு வந்து, “பெற்றவளைப் பேயாக எழுதிவிட்டு, பிள்ளைகளைக் கெடுத்துவிட்டு, பெருமையாக மாலை போட்டுக்கொள்கிறீர்களா?” என்று இந்த எழுத்தாளரைக் கேட்க நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். நல்ல எதுகை மோனையோடு எழுதியிருந்தேன். பாவம், பயப்படாதீர்கள் அம்மா, கிழித்துவிட்டேன்.

ஏன் கிழித்தேன்? அதைச் சொல்லத்தான் வந்தேன். ஒரு சோடா கொடுங்கள் தம்பி.

இன்று காலை பத்தரை மணி. கரண்டு போயிற்று, தறிச் சத்தம் நின்றது. நாளைக்கு எத்தனை பேருக்குச் சமையல் என்று கேட்கலாம் என்று கொட்டகைக்குள்ளே போனேன். அங்கே என் வீட்டுக்காரர் நூல் பெட்டி மேலே உட்கார்ந்திருக்கிறார். மூக்கிலே கண்ணாடி. மடியிலே, தெரு சுற்றி நேற்றுத் திரும்பி வந்த பத்திரிகை. இந்த அம்மாளின் புதுத் தொடர்கதை! உதடு அசைய அசைய, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சுகினு இருக்கிறார். கையிலே பென்சில். எந்தப் பென்சில்? லுங்கிக்கு லுங்கி வெட்டுக் குறி போட, தறியிலே நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிற பென்சில். ஒரு முனை சிவப்பு. மறு முனை நீலம்!

பதினெட்டு வருஷமாக என் கண் முன்னாலே தொங்கிய பென்சில், தாய்மார்களே! தெருக்கோடி வீட்டுப் பென்சில் தெரிந்தது, என் வீட்டுத் தறிப் பென்சில் தெரியவில்லையே! நடுக்கம் காதல் நடுக்கமா? இல்லை. பதினெட்டு வருஷம் தறி அதிர்ந்து அதிர்ந்து, அதை ஓட்டுகிறவர் கையிலே தங்கிப்போன நடுக்கம். அந்தக் கையாலே அவர் டம்ளர் பிடித்தாலே காபி ததும்பும். தினமும் துடைக்கிறவள் நான்தான்.

“என்னாங்க அது?” என்றேன். பத்திரிகையை லுங்கிக் கட்டுக்கு அடியிலே தள்ளினார். “ஒண்ணும் இல்ல வள்ளி, டிசைன் பாத்துகினு இருக்கேன்” என்றார். பொம்பளை படிக்கிற தொடர்கதையிலே என்ன டிசைன்? பிடுங்கினேன். ‘மகளிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் என்ன தகப்பன்?’ என்ற வரிக்கு அடியிலே, ஈரம் காயாத மாதிரி ஒரு சிவப்புக் கோடு.

“எனக்குப் பேச வராது வள்ளி. அவகிட்ட நின்னா நாக்கு ஒட்டிக்கும். இந்தம்மா எழுதறது நான் பேச நினைக்கிறாப்பலயே இருக்குது. கோடு போட்டு வெச்சா பொண்ணு பாத்துக்குறா. அவளும் கோடு போடுறா. அவ்ளோதான்.”

“நான் தெருவுல கத்தறப்போ வாயில என்ன வெச்சிருந்தீங்க?”

“பொம்பளைங்க கதையைப் படிக்கிறான்னு ஊரே சிரிக்குமேன்னு இருந்துட்டேன். உன்கிட்ட நெசத்தச் சொல்லிடுன்னு அவகிட்ட சொன்னேன். நைனா பேரைக் கெடுக்க மாட்டேன்னுட்டா.”

தூண் ஓரத்திலே நின்று சிரிக்கிற ஆண்மக்களே, சிரிக்காதீர்கள்! பெண்கள் படிக்கிற கதையைத் திருட்டுத்தனமாகப் படிக்காத ஆள் உங்களிலே யார்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். தூக்கவில்லை! கோதண்டபாணி அவர்களே, தூணுக்குப் பின்னாலே போகாதீர்கள், நீங்கள் தனி ஆள் இல்லை.

ஆனால் நான் கேட்கிறேன். எழுத்தாளர் அவர்களே, அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சுக் கொடுத்தீர்களே, அந்த முப்பத்திரண்டு வாரத்திலே எனக்காக ஒரு வரியும் இல்லையா? யாரும் எனக்குக் கோடு போடவில்லையே! ஒரே வீட்டிலே, ஒரே பரணுக்குக் கீழே, இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். நான் வெளியிலே நின்றேன். சாவியெல்லாம் என் இடுப்பிலே இருந்தது, தாய்மார்களே, நான்தான் வெளியிலே நின்றேன். வலிக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது. இதை மைக் வைத்துச் சொல்லுகிறேன், ஏனென்றால் மைக் இல்லாமலே தெருவிலே கத்தியவள் நான்.

லோயிஸ் டீச்சர்! வந்திருக்கிறீர்கள், பார்த்துவிட்டேன். ஊர் கேட்க உங்களையும் யோபு தம்பியையும் பேசினேன். ஊர் கேட்க மன்னிப்புக் கேட்கிறேன். ஏற்றுக்கொள்வீர்களா, மாட்டீர்களா, அது உங்கள் இஷ்டம். உங்கள் பக்கத்திலே யார் அது? என் மகள். என்ன குசுகுசு அங்கே? பாருங்கள், பாருங்கள், மன்னிப்புக் கேட்கும்போதே எனக்குச் சந்தேகம் வருகிறது!

மனோரமா! நாளை தாம்பூலமா, திங்கட்கிழமை வேலூர் பஸ்ஸா? நானே முடிவு செய்து இந்த மைக்கிலே அறிவித்தால், அதுவும் பழைய வள்ளிநாயகி செய்கிற வேலைதான். அதனாலே உன் நைனா கோடு போட்ட வரியை நான் வாய் திறந்து கேட்கிறேன். உனக்கு என்னதான் வேணும், சொல்லு கண்ணு.

அமைதி, அமைதி. பிள்ளை எழுந்திருக்கிறது. கைதட்டாதீர்கள், எனக்குக் காது கேட்க வேண்டும்.

கேட்டீர்களா? பின்னாலே இருக்கிறவர்களுக்குக் கேட்டிருக்காது. “வீட்டுக்கு வந்து கேளும்மா. மைக்குல வேணாம்” என்கிறாள்.

அம்மா என்றாள், தாய்மார்களே! முப்பத்தொரு நாளைக்கு அப்புறம் அம்மா என்றாள்! ஆங், வரேன் கண்ணு, வீட்டுக்கே வந்து கேக்கறேன். நீ என்ன சொன்னாலும், நகரி அண்ணனுக்கு நானே போய்ப் பதில் சொல்லிக்கிறேன்.

லோயிஸ் டீச்சர், சிரமம் பார்க்காமல் மேடை கிட்டே வாருங்கள். இதோ, டிரங்குப் பெட்டிச் சாவி. கொத்திலிருந்து கழற்றிவிட்டேன். அவள் கையிலே கொடுங்கள். நான் கடைசி பஸ்ஸிலே வருவதற்கு முன்னாலே அவள் வீட்டுக்குப் போய்த் திறக்கட்டும். திறந்து என்ன எடுத்தாள் என்று நான் போய்ப் பார்க்க மாட்டேன். மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது, முருகன் மலை எதிரிலே இருக்கிறது. பார்க்காமல் இருக்கப் பாடுபடுவேன்.

பொறுமையாகக் கேட்ட தலைவர் அவர்களுக்கும், வாழ்த்த வந்தவளிடம் வசவு வாங்கியும் முகம் சுளிக்காத எழுத்தாளர் அவர்களுக்கும், சோடா கொடுத்த தம்பிக்கும், வந்திருக்கும் தாய்மார்கள் அத்தனை பேருக்கும் நன்றி. எழுத்தாளர் அவர்களே, உங்கள் புதுத் தொடரிலே ஒரு அம்மா வந்தால், அவளுக்கும் நல்லதாக நாலு வரி கொடுங்கள். நானும் கோடு போட, இன்று பகலிலே தறிப் பென்சிலுக்கு இரண்டு முனையும் சீவி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். வணக்கம்!