இரண்டாவது வட்டம்

தில்லைநாதன்: கொத்துக் கொத்தாக் கொட்டுது, டொக்டர். குளிக்கிற இடத்தில, சீப்பில, தலையணையில... எங்க பார்த்தாலும் முடி.

யாதவி: அங்கிள், நான் அன்ரியிட்டத்தான் கேட்டனான்.

தில்லைநாதன்: அவ சொல்ல மாட்டா. முப்பத்தொரு வருசமா அவவோட குடும்பம் நடத்துறன். அவவுக்குக் காய்ச்சல் எண்டாலும் நான்தான் சொல்ல வேணும்.

தனலட்சுமி: கொட்டுது, பிள்ளை. அவர் சொல்லுறது சரிதான்.

யாதவி: எவ்வளவு காலமா?

தில்லைநாதன்: ஆறு மாசம்.

தனலட்சுமி: ஒரு... ஒரு வருசம்.

யாதவி: ம்ம். கொண்டையை அவிழுங்கோ, அன்ரி... கடவுளே! இதுவோ கொட்டுற முடி? எனக்கு முப்பத்திரண்டு வயசு. என்ர தலையைப் பாருங்கோ, இதில அரைவாசி இல்லை.

தில்லைநாதன்: அப்ப நீங்கள் முந்தி பார்த்திருக்க வேணும். கலியாணத்துக்கு வரேக்க முழங்கால் வரைக்கும்...

தனலட்சுமி: இஞ்சாருங்கோ. டொக்டருக்கு அது தேவையில்லை.

யாதவி: தேவைதான், எனக்கு ஆசையா இருக்கு. சரி, ஒரு கொத்தைப் பிடிச்சு மெல்ல இழுக்கப் போறன். நோகாது. அறுபது முடி இருக்கும்... கையோட வந்தது ரெண்டு. மற்றப் பக்கம்... இதிலயும் ரெண்டு. அங்கிள், இது எல்லாருக்கும் வாறது. எனக்கு இதைவிடக் கூட வரும்.

தில்லைநாதன்: நான் சும்மா வந்து கதைக்கிறன் எண்டு நினைக்கிறீங்கள். ஆதாரம் கொண்டு வந்தனான்.

யாதவி: இதென்ன, தபால் உறை?

தில்லைநாதன்: பிரிச்சுப் பாருங்கோவன். போன கிழமை விழுந்தது.

யாதவி: சரி... பெரிசாக்கிப் பார்ப்பம். ...அங்கிள்.

தில்லைநாதன்: சொல்லுங்கோ.

யாதவி: தானா விழுந்த முடியில ஒரு முனையில குண்டூசித் தலை மாதிரி வேர் இருக்கும். இதில ஒண்டுக்கும் இல்லை. இது கத்தரிக்கோலால வெட்டின முடி.

தில்லைநாதன்: ...அப்பிடியோ.

தனலட்சுமி: என்னப்பா இது? போன மாசம் நான் நுனி வெட்டிப் போட்டதோ? குப்பைக்குள்ள இருந்தோ எடுத்தனீங்கள்?

தில்லைநாதன்: மாறி எடுத்திட்டன் போல.

தனலட்சுமி: மாறி எடுக்க, அது என்ன உங்கட ஹோட்டல் குசினியில இருக்கிற உப்பும் சீனியுமோ? டொக்டருக்கு முன்னால மானத்தை வாங்காதேங்கோ. கார் நீலக் கோட்டுப் பார்க்கிங்குக்குள்ள நிக்குதெல்லோ, கண்ணாடியில வைக்கிற டிஸ்கில வந்த நேரம் சரியா வச்சனீங்களோ?

தில்லைநாதன்: வச்சனான்.

தனலட்சுமி: இது எங்கட இன்டர்லாக்கன் இல்லை, பேர்ண் நகரம். நிமிசம் பார்த்துத் தண்டம் எழுதுவினம். ஒருக்காப் போய்ப் பாருங்கோ.

தில்லைநாதன்: சரி, சரி... டொக்டர், நான் வாறதுக்கிடையில வடிவாப் பாருங்கோ. தலையை மட்டும் இல்லை. முழுக்கப் பாருங்கோ.

யாதவி: ...போயிட்டார். இப்ப சொல்லுங்கோ, அன்ரி.

தனலட்சுமி: என்னத்தை?

யாதவி: முடி கொட்டாத ஆள், முடி கொட்டுதெண்டு மூண்டு மாசம் டெர்மின் நாளுக்குக் காத்திருந்து ஏன் வந்தனீங்கள்?

தனலட்சுமி: அவர்தான் எடுத்தவர். எனக்கும்... சரியெண்டு பட்டுது.

யாதவி: ஏன்?

தனலட்சுமி: அதை எப்பிடிச் சொல்லுறது, பிள்ளை...

யாதவி: அவசரமில்லை. அடுத்த ஆள் வரக் கால் மணித்தியாலம் இருக்கு.

தனலட்சுமி: கதவு பூட்டியிருக்கோ?

யாதவி: ஓம்.

தனலட்சுமி: அவருக்குச் சொல்ல மாட்டீங்களெல்லோ?

யாதவி: உங்களைக் கேக்காம ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது. சட்டம். சட்டம் இல்லாட்டியும் சொல்ல மாட்டன்.

தனலட்சுமி: அப்ப... இந்தப் பொட்டை நீங்களே எடுங்கோ. இன்னொரு ஆளுக்கு முன்னால எனக்குக் கை வராது.

யாதவி: மெல்ல எடுக்கிறன்... ம்ம்.

தனலட்சுமி: வெள்ளைதானே?

யாதவி: வெள்ளைதான்.

தனலட்சுமி: வெண்குட்டம்.

யாதவி: பேரை நான் வைக்கிறன், அன்ரி. அதுக்குத்தானே இவ்வளவு வருசம் படிச்சனான். கையைக் காட்டுங்கோ. விரல் நுனி... முழங்கை... சப்பாத்தைக் கழட்டுங்கோ. வாயைச் சுத்தியும் இல்லை, கண்ணைச் சுத்தியும் இல்லை. வேற எங்கயும் ஒண்டும் இல்லை. எப்ப தொடங்கினது?

தனலட்சுமி: மூண்டு வருசம். முதல் கடுகளவு. அப்ப நான் சின்னப் பொட்டுத்தான் ஒட்டுறனான். வெளியில தெரியுமெண்டு கொஞ்சம் பெரிசு வாங்கினன்.

யாதவி: பிறகு?

தனலட்சுமி: அதுவும் மறைக்கக் காணேல்லை. இன்னும் பெரிசு. இப்ப ஒட்டுறதுதான் கடையில இருக்கிறதிலயே பெரிசு. அந்தக் கடைக்காரப் பிள்ளை கேக்குது, ‘அன்ரி, என்ன, நாடகத்தில அம்மன் வேசமோ?’ எண்டு.

யாதவி: சிரிச்சீங்களோ?

தனலட்சுமி: சிரிச்சன். காருக்குள்ள வந்து அழுதன்.

யாதவி: ...சரி. லைட்டை நிப்பாட்டப் போறன், பயப்பிடாதேங்கோ. இந்த ஊதா வெளிச்சத்தில தோலில நிறம் இல்லாத இடம் பளிச்செண்டு தெரியும். கண்ணை மூடுங்கோ.

தனலட்சுமி: என்ன, பிள்ளை, ஒண்டும் கதைக்கிறீங்களில்லை?

யாதவி: பார்க்கிறன். கைப்பைக்குள்ள வேற பொட்டு இருக்கோ?

தனலட்சுமி: அட்டை முழுக்க இருக்கு.

யாதவி: தாங்கோ... பக்கத்தில பிடிக்கிறன். ஓம். அதே அளவு, அதே வளைவு. அன்ரி, நீங்கள் வெள்ளையை மறைக்கவெல்லோ பொட்டு ஒட்டுறீங்கள்?

தனலட்சுமி: ஓம்.

யாதவி: அந்தப் பொட்டுத்தான் வெள்ளையைக் கொண்டு வந்தது.

தனலட்சுமி: ...என்ன சொல்லுறீங்கள்?

யாதவி: பின்பக்கத்துப் பசை. சில பசையில ஒரு சாமான் கிடக்கு, அது தோலுக்கு நிறம் குடுக்கிற கலங்களைக் கொல்லும். எல்லாருக்கும் இல்லை, சிலபேருக்கு. வெள்ளை பெருக்க நீங்கள் பெரிய பொட்டு வாங்கினீங்கள். பொட்டு பெருக்க வெள்ளையும் பெருத்துது.

தனலட்சுமி: அப்ப என்ர கையாலயோ...

யாதவி: தெரியாமத்தானே, அன்ரி.

தனலட்சுமி: அப்ப வெண்குட்டம் இல்லையோ?

யாதவி: இல்லை. உங்கட நெற்றியை விட்டு எங்கயும் போகேல்லை. ஒருத்தருக்கும் தொத்தாது. வெண்குட்டமும் தொத்தாது, அதையும் கேட்டு வையுங்கோ.

தனலட்சுமி: மூண்டு வருசம், பிள்ளை... மூண்டு வருசம் நான் கொண்டு திரிஞ்சதை மூண்டு நிமிசத்தில... எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?

யாதவி: இதைப் பற்றிப் புத்தகத்தில கொஞ்சம்தான் இருந்தது, ஒரு மூண்டு வரி. என்னோட படிச்ச சுவிஸ் பிள்ளையள் எல்லாம் பக்கத்தைத் திருப்பிட்டுதுகள். என்ர அம்மா சோலோதுர்னில பொட்டில்லாம குப்பை போடவும் போகா. நான் அந்த மூண்டு வரிக்குக் கீழ கோடு கீறி வச்சனான்.

தனலட்சுமி: உங்கட அம்மா குடுத்து வச்சவ.

யாதவி: அவவிட்ட இதைச் சொல்லுங்கோ. நான் இன்னும் கலியாணம் கட்டேல்லை எண்டுதான் அவவுக்குத் தெரியும்.

தனலட்சுமி: இனி நிறம் வருமோ?

யாதவி: கனபேருக்கு வருது, மெல்ல. முழுக்க வருமெண்டு வாக்குத் தர மாட்டன். ஒரு களிம்பு தாறன், காலமையும் பின்னேரமும் பூசுங்கோ. ஆனா முதல் வேலை, பொட்டை விட வேணும். குங்குமமும் இப்போதைக்கு வேண்டாம். ஆறு மாசம் நெற்றியில ஒண்டும் படக் கூடாது.

தனலட்சுமி: வெறும் நெற்றியோடயோ? ஆறு மாசமோ? அவர் இருக்கேக்கயோ?

யாதவி: அவருக்குச் சொன்னா என்ன, அன்ரி?

தனலட்சுமி: அவர் என்னை முதல் கண்டது படத்தில. யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோவில எடுத்து, இஞ்ச அனுப்பினது. இண்டைக்கும் வீட்டுக்கு ஆர் வந்தாலும் சொல்லுவார், ‘அந்தப் படத்தில பொட்டுத்தான் முதல் தெரிஞ்சது, பிறகுதான் ஆள் தெரிஞ்சுது’ எண்டு. இவ்வளவு வருசமா அதே கதை.

யாதவி: அது பகிடியெல்லோ.

தனலட்சுமி: அவருக்குப் பகிடி. அவர் கெட்டவர் எண்டா நான் பயப்பிட மாட்டன், பிள்ளை. நாள் முழுக்கக் குசினியில நிண்டு உருகிப்போட்டு வாற மனுசன், எனக்குக் காலமை தேத்தண்ணிக்குத் தண்ணி நிரப்பி வச்சிட்டுத்தான் படுப்பார். அப்பிடிப்பட்ட ஆள் இதைப் பார்த்து ஒருக்கா... ஒரே ஒருக்கா முகம் சுளிச்சாரெண்டா, நான் தாங்க மாட்டன்.

யாதவி: ...விளங்குது.

தனலட்சுமி: அதுதான் படுக்கேக்கயும் கழட்டுறேல்லை.

யாதவி: இரவிலயுமோ? அப்ப... பொறுங்கோ. எனக்கு ஒண்டு இடிச்சுக்கொண்டு நிண்டது. இது ஒரு வட்டம் இல்லை, அன்ரி. ரெண்டு வட்டம். ஒண்டு சரியா நடுவில. மற்றது கொஞ்சம் மேல, இடப்பக்கமாச் சரிஞ்சு, அதுக்கு மேல ஏறி நிக்குது. நீங்கள் எங்க ஒட்டுறனீங்கள்?

தனலட்சுமி: நடுவிலதான். கண்ணாடியைப் பார்த்து, அளந்த மாதிரி.

யாதவி: இரவில விழாதோ?

தனலட்சுமி: ஒரு நாளும் விழேல்லை. காலமை தடவிப் பார்த்தா நெற்றியிலதான் இருக்கும். நல்ல பசையெண்டு நினைச்சன்.

யாதவி: வேர்வை, கிரீம், தலையணை... எந்தப் பசையும் அவ்வளவு நல்லா இராது. அந்த ரெண்டாவது வட்டம்தான் எனக்கு விளங்கேல்லை.

தனலட்சுமி: ஐயோ, கதவு தட்டுது. அவர்தான். பொட்டைத் தாங்கோ, பிள்ளை!

யாதவி: இனி ஒட்டக் கூடாது எண்டு இப்பதானே...

தனலட்சுமி: இண்டைக்கு மட்டும்! ...சரி. சரி, திறவுங்கோ. கையால பொத்துறன்.

தில்லைநாதன்: டிஸ்க் எல்லாம் சரியாத்தான் கிடக்கு... என்ன, தனம், நெற்றியைப் பொத்திக்கொண்டு?

தனலட்சுமி: தலையிடி. வெளிச்சம் குத்துது.

தில்லைநாதன்: கையை எடும்.

தனலட்சுமி: வேண்டாம்.

தில்லைநாதன்: எடும், தனம்.

யாதவி: உங்கட விருப்பம், அன்ரி.

தனலட்சுமி: இந்தாங்கோ. வடிவாப் பாருங்கோ. மூண்டு வருசமா உங்களுக்கு ஒளிச்சது இதுதான்.

தில்லைநாதன்: ...டொக்டர், இது என்ன வருத்தம்?

யாதவி: வருத்தமில்லை, அங்கிள். பொட்டுப் பசை தோலுக்கு ஒத்துக்கொள்ளேல்லை. பொட்டை விட்டா மேல பரவாது.

தில்லைநாதன்: பயப்பிட ஒண்டுமில்லை?

யாதவி: ஒண்டுமில்லை.

தில்லைநாதன்: அப்பாடா... ரெண்டு வருசமா நெஞ்சுக்குள்ள ஒரு கல்லு.

தனலட்சுமி: ரெண்டு வருசமோ? இப்பதானே பார்த்தீங்கள்?

யாதவி: அங்கிள்... அந்த வெட்டின முடி?

தில்லைநாதன்: வேற எப்பிடி, டொக்டர், இவவை உங்களிட்டக் கொண்டு வாறது? நெற்றியைக் காட்டப் போவமெண்டா வருவாவோ? முடியெண்டாலும் தோல் டொக்டர்தானே பாக்கிறது. இதைவிடப் பெரிய பொட்டு இல்லையோ எண்டு கடைக்கு ஃபோனில கேட்டவ. மறைக்க இடமில்லாமப் போனா என்ன செய்வா எண்டு... அண்டைக்கே டெர்மின் எடுத்திட்டன்.

தனலட்சுமி: தெரிஞ்சிருந்தும் ஒரு வார்த்தை கேக்கேல்லையே!

தில்லைநாதன்: நீர் சொல்லேல்லை. சொல்லாத ஆளிட்ட எப்பிடிக் கேக்கிறது?

யாதவி: அன்ரி, இவரைத்தான் முகம் சுளிப்பார் எண்டனீங்களோ?

தில்லைநாதன்: டொக்டர், ஒண்டு கேக்கட்டோ. எந்த நேரமும் ஒட்டி இருந்தாத்தானோ இவ்வளவு வரும்?

யாதவி: ஓம். பகலில மட்டும் எண்டா இதில அரைவாசிதான் வந்திருக்கும். இரவிலயும் அந்தப் பசை தோலில கிடந்திருக்கு.

தில்லைநாதன்: இரவிலயும்...

தனலட்சுமி: என்னப்பா, ஏன் கதிரையில இருந்திட்டீங்கள்? முகம் எல்லாம் வெளுத்துப் போச்சு.

தில்லைநாதன்: ஒண்டுமில்லை, தனம்.

தனலட்சுமி: உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது, அதைச் சொல்லுங்கோ. நான் கதவைப் பூட்டிப்போட்டுத்தான் பொட்டு மாத்துறனான். நித்திரையிலயும் அது விழுறேல்லை.

யாதவி: அங்கிள், வேலை முடிஞ்சு நீங்கள் வீட்ட வரேக்க அன்ரி நித்திரையோ?

தில்லைநாதன்: நல்ல நித்திரை. அவவுக்கு ஹோட்டல் சலவை வேலை, காலமை அஞ்சு மணிக்கு எழும்ப வேணுமெல்லோ.

யாதவி: அப்ப பொட்டு எங்க இருக்கும்?

தனலட்சுமி: சொல்லுங்கோவனப்பா.

தில்லைநாதன்: தலையணையில கிடக்கும், தனம், ஒவ்வொரு நாளும். ஒரு நாள் நிலா வெளிச்சத்தில உம்மட நெற்றியில வெள்ளையைக் கண்டனான். விழுந்து கிடந்தா, நான் கண்டிட்டன் எண்டு காலமை நீர் பதறுவீர்... லைட்டைப் போட்டா முழிச்சிடுவீர். இருட்டுக்குள்ள தடவித் தடவித்தான் திருப்பி ஒட்டிவிட்டனான். நடு எதெண்டு எனக்கு ஒரு நாளும் பிடிபடேல்லை.