பாட்டுக்கு மேல் பேசிய கடிதம்

சுவிசின் லோசான் நகரப் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு யாழ்ப்பாணத்தார் இருந்தார்கள். ஒருவன் தானே பாட்டுக் கட்டி, அகதி முகாம் சமையல் குசினியில் பாடிப் பதிந்து, சிநேகிதர்களுக்குக் கசெற் கொடுத்தவன். மற்றவன் அதை வாங்கியவன்.

"உன்ர கசெற்றில நான் கதைச்சுப் பதிஞ்சு, ஊருக்கு என்ர மனுசிக்கு அனுப்பிட்டன்," என்றான் வாங்கியவன்.

"என்ர பாட்டெல்லாத்தையும் அழிச்சோ?"

"அதெல்லாம் ஒரு பாட்டே? தகரத்தில ஆணி கீறினமாதிரிக் குரல். நடுவில சட்டி கழுவுற சத்தம் வேற."

"மனுசி என்னவாம்?"

வாங்கியவன் ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கசெற் கடைசியில உன்ர அரைப் பாட்டு அழியாமல் கிடந்திட்டுது. மிச்சத்தையும் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறாள்."

"நீ கதைச்சதுக்கு?"

"அதைப்பற்றி ஒண்டும் எழுதேல்லை."

"வேற கசெற் தாறன். இந்தமுறை வாயைத் திறக்காமல் அனுப்பு."