கைப்பையில் தீப்பெட்டி சுமந்த பேராசிரியருக்கு

கடலூர்–சிதம்பரம் சாலையில் கல்லூரிப் பேருந்துக்குக் காத்துக் காத்தே கால் கடுத்தவரே! கனிவையும் கண்டிப்பையும் ஒரே கண்ணாடி வழியே காட்டியவரே! இயந்திரவியல் துறைக்குள் அடியெடுத்து வைத்த முதல் பெண் ஆசிரியரே! முப்பதாண்டு காலம் மாணவர் மன்றத்தை முதுகில் சுமந்த பேராசிரியர் சௌந்தரம் அம்மையீர்! வணக்கம்.

பாராட்டு மடல் என்றால் வான்மதியையும் வசந்தத்தையும் வரவழைக்க வேண்டும். மன்னியுங்கள். மே மாத வெயிலில் அண்ணாகிராமம் வரை வீடு வீடாய்ப் போய், பிள்ளைகளை நம் கல்லூரியில் சேருங்கள் என்று கேட்டுத் திரும்பியிருக்கிறோம். கால்களில் வலி இருக்கிறது. அடைமொழிகளில் அவ்வளவு வலு இல்லை.

மிதிவண்டிக் கொட்டகையில், இரவல் ஒலிபெருக்கியோடு தொடங்கியது நம் மன்றம். பொங்கலுக்கு உறியடி, கட்டடவியல் மன்றத்தாரோடு கயிறு இழுப்பு, வேலை கிடைத்தவன் வாங்கித் தரும் பிரியாணி என்று வளர்ந்தது. ஆழிப்பேரலை அடித்தபோது விழாவைத் தள்ளிவைத்து, மணல் புகுந்த படகு எஞ்சின்களைக் கழற்றிக் கழுவ மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துப் போனீர்கள். தானே புயலில் கொட்டகைக் கூரை பறந்தது. மன்றம் பறக்காமல் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள்.

தொடக்க விழாவில் குத்துவிளக்கை மனிதக் கை ஏற்றலாகாது, மாணவர் செய்த கருவியே ஏற்ற வேண்டும் என்பது மன்றத்தின் மாறாத மரபு. எந்தக் கருவியும் இதுவரை ஏற்றியதில்லை என்பது அந்த மரபின் மறுபாதி. ஒருமுறை ஒரு கருவி திரியை விட்டுவிட்டுச் சிறப்பு விருந்தினரின் சால்வை ஓரத்தைக் கருக்கியது. ஒவ்வோர் ஆண்டும் விருந்தினர் நெளிய, செயலாளர் வியர்க்க, நீங்கள் மேடையேறிக் கைப்பையைத் திறப்பீர்கள். ஒரே குச்சி, விளக்கு எரியும். "அடுத்த வருஷம் எரியும்டா, போய் உக்காரு" என்பீர்கள். மாணவர்களும் பழகிவிட்டார்கள்: "மேடம் பையில தீப்பெட்டி இருக்குது, பயப்படாத மச்சான்!"

இன்று இயந்திரவியல் வகுப்பில் பாதி இருக்கைகள் காலி. மன்றம் ஒரு வாட்சாப் குழுவாகச் சுருங்கிவிட்டது. அதிலும் பிறந்தநாள் வாழ்த்துதான் வருகிறது. நீங்கள் ஓய்வு பெற்றபின் வேறு பொறுப்பாசிரியர் கிடைக்காவிட்டால், இவ்விழாவோடு மன்றத்தைக் கலைத்துவிடலாம் என்கிறது நிர்வாகம். "யார் எடுத்துக்குறீங்க?" என்று துறைத்தலைவர் கலியமூர்த்தி கேட்டபோது, எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தோம். "எனக்கு ஏற்கனவே வேலை ஜாஸ்தி சார்" என்றார் ராஜவேல். பொய்யில்லை, எல்லோருக்குமே அப்படித்தான். நீங்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனீர்கள். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்போம்.

அம்மையீர்! இம்மேடையிலும் மாணவர் செய்த கருவி ஒன்று நிற்கிறது. இன்றும் அது விளக்கை ஏற்றப்போவதில்லை என்பதை எழுதும்போதே அறிவோம். பழக்கத்தில் உங்கள் கை பைக்குள் போகும். வேண்டாம், அமருங்கள். முழங்கால் வலி நீங்கி, மதியம் நிம்மதியாய் உறங்கி, பேரும் பெருமையுமாய்ப் பல்லாண்டு வாழுங்கள்! தீப்பெட்டியை மட்டும் இம்மடலை வாசிப்பவளிடம் தந்துவிடுங்கள்.

அன்பும் அயர்வும் ஒருங்கே உடைய
இயந்திரவியல் துறை ஆசிரியர்கள்.

அவர்கள் சார்பில் எழுதி வாசிப்பவர்:
அம்ரீன்,
உங்கள் முன்னாள் மாணவி,
நாளை முதல் மன்றப் பொறுப்பாசிரியர்.