வடக்கு வாசல்

குழி தோண்டுவது எளிது, ஐயா. எடுத்த மண்ணை எங்கே கொட்டுவது என்பதுதான் கடினம்.

பாறசாலைக்கு வடக்கே எங்கள் மண்கோட்டையைத் தோண்ட ஐம்பத்தைந்து வைகாசியில் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு தொல்பொருள் துறை அதிகாரி வந்தார். உதவிக்கு ஆள் கேட்டார். எங்கள் ஊர் தமிழ்நாட்டுக்கா கேரளத்துக்கா என்ற எல்லைப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். எங்கள் தமிழ்க் கமிட்டி ஆட்களை அனுப்பியது. மலையாளக் கமிட்டியும் அனுப்பியது. சம்பளம் இல்லாத வேலைக்கு இவ்வளவு போட்டி வந்ததில் அதிகாரிக்கு மகிழ்ச்சி. எல்லோருக்கும் சரித்திரத்தில் ஆர்வம் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் கற்றுத் தந்த முதல் விதி: மண்ணைக் குழியின் ஓரத்தில் போடாதே. பாரம் தாங்காமல் சுவர் சரியும்.

முதல் வாரம் தெற்கே ஒரு வாசல் கிடைத்தது. தெற்கே தமிழர்கள், வடக்கே மலையாளிகள். எவனும் தன் ஆட்களைப் பார்த்துத்தானே வாசல் வைப்பான். கோட்டை எங்களுடையது என்று நெய்யாற்றின்கரை வரை ஊர்வலம் போனோம். மலையாளக் கமிட்டி ஆட்கள் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

சகாயதாஸ் எங்கள் ஆள். பொழியூர்க் கடற்கரையைச் சேர்ந்தவன். தம்பி கடலோடு போனபிறகு, மனைவி பவுலா இவனைக் கடலுக்கு விடவில்லை. நல்ல உழைப்பாளி. வடக்குக் குழியில் ஒன்றரை ஆள் ஆழத்திலிருந்து ஒருநாள் என்னைக் கூப்பிட்டான்.

"எலே பொன்னையா, இஞ்சயும் ஒரு படிக்கல்லு உண்டு. வாசலாக்கும்."

மூடிவிடு என்றேன். சிரித்தான்.

"ஊர்வலம் போன காலுக்கு இனி வடக்கயும் ஒரு நட இருக்கு, மக்கா."

"தமாஷ் இல்லலே. ஆருட்டயும் சொல்லாத."

"ஆபீசரு திங்கக்கெழம வருவாரு. உள்ளத காட்டணும். கல்லு நம்மள கேட்டா கெடக்கு?"

இரண்டு நாட்கள் அவனோடு பேசிப் பார்த்தேன். நியாயமாகப் பேசினேன். அவனுக்குத் தாய்மொழிப் பற்று போதவில்லை.

மண் சுமக்கும் பெண்களில் ஒருத்தியான தங்கபாயிடம், தூரம் நடக்க வேண்டாம், வடக்குக் குழி ஓரத்திலேயே தட்டுங்கள் என்றேன்.

"ஓரத்திலயா? ஆபீசரு ஏசுவாரே."

"நான் சொல்லிக்கிடுதேன்."

பெண்களுக்குச் சந்தோஷம். அவர்கள் கஷ்டத்தை அதுவரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. சனிக்கிழமை நல்ல மழை பெய்தது. அதை நான் ஏற்பாடு செய்யவில்லை.

திங்கள் காலை சகாயதாஸ் குழியின் விளிம்பில் நின்று மண்குவியலைப் பார்த்தான்.

"எறங்கலாமாலே?"

"எறங்கு."

என்னை நம்பினான். நல்ல குணம் அது.

சுவர் சரிந்தபோது பெரிய சத்தம் ஏதும் இல்லை. வண்டி கொண்டுவர எல்லோரையும் காரக்கோணத்துக்கு ஓடச் சொன்னேன். ஒரு வண்டிக்கு அத்தனை பேர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பதற்றத்தில் மனிதர்கள் கீழ்ப்படிவார்கள். குழிக்குள் அவன் கை மட்டும் மண்ணுக்கு வெளியே தெரிந்தது. விரல்கள் அசைந்தன. படிக்கல் மறைந்துவிட்டதா என்று முதலில் பார்த்தேன். மறைந்திருந்தது. விரல்கள் நிற்கும்வரை காத்திருந்து, பிறகு மண்வெட்டியை எடுத்தேன். கை கொப்பளிக்கத் தோண்டினேன். வந்தவர்கள் பார்த்தார்கள்.

பவுலா அழவில்லை. "கடலுக்குப் போண்டாம்னு நானாக்கும் சொன்னேன்," என்றாள். உன் தவறு இல்லை என்று ஆறுதல் சொன்னேன்.

மலையாளிகள்தான் மண்ணைத் தள்ளினார்கள் என்று கமிட்டி அறிவித்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. பொய் எனக்குப் பிடிக்காது. மறுக்கவும் இல்லை. அந்தக் குழியை மூடி, அதன்மேல் தியாகி சகாயதாஸுக்குத் தூண் எழுப்பலாம் என்பது மட்டும் என் யோசனை. தியாகியின் தூணுக்குக் கீழே யார் தோண்டுவார்கள்?

அடுத்த ஆண்டு ஐப்பசியில் எல்லையை வரைந்தார்கள். நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். தலைகளை எண்ணினார்களாம். வாசலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். தூண் திறப்பன்று அதிகாரி சொன்னதைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. மாலை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கஷ்டம். இம்மாதிரிக் கோட்டைக்கு நாலு பக்கமும் வாசல் உண்டு. வடக்கு வாசல் இங்கேதான் வரும் என்று நான் முதலிலேயே கணக்காக்கி இருந்தேன்."

முதலிலேயே. படித்த மனிதர், பொறுப்பான பதவியில் இருப்பவர். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐயா, மண்ணை ஓரத்தில் கொட்டச் சொன்னது யார் என்று கேட்டீர்கள். நான்தான். ஆனால் சகாயதாஸைக் கொன்றது யார் என்று எழுதும் இடத்தில் அந்த அதிகாரியின் பெயரை எழுதுங்கள்.